பச்சை காட்டி எத்தனை நாள்? நெல்லைச் சீமையில் குதிரைக்கு வைட்டமின் கணக்குப் பார்க்க முழுமையான வழிகாட்டி

குதிரை வைத்திருக்கிறேன் என்று தெரிந்தவுடன் என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த டானிக் நல்லா இருக்கும் அண்ணாச்சி?" கேட்பவர் யாரானாலும், ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவரோ பந்தயக்காரரோ ஆசைக்கு ஒன்று வாங்கிக் கட்டியவரோ, நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான். பச்சைத் தீனி காட்டி எத்தனை நாளாகிறது? அதற்குப் பதில் தெரியாமல் டானிக் பேர் சொல்வது குருட்டு வைத்தியம்.

இதை நானாகக் கற்றுக்கொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் என் மார்வாரிப் பெண்குதிரைக்குப் பிடரி மயிர் உதிர ஆரம்பித்தது. சீப்பு போட்டால் கொத்துக் கொத்தாய்க் கையோடு வரும். வாலும் மெலிந்து கயிறு மாதிரி ஆகிவிட்டது. மயிருக்கும் குளம்புக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் நல்லது என்று யாரோ சொல்ல, பொடி டப்பா வாங்கி நான்கு மாதம் போட்டேன். உதிர்வது நிற்கவில்லை. ஒரு காலத்தில் நெல்லை ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். குதிரையைப் பார்க்கும் முன் தொட்டியைப் பார்த்தார். கையை விட்டு அடியில் கிடந்த சின்னச் சின்ன இலைகளை அள்ளி உள்ளங்கையில் வைத்து, "ஏ தம்பி, சூபாபுல்லா போடுத? அத நிப்பாட்டு மொதல்ல" என்றார்.

பச்சைக்குத் தட்டுப்பாடாக இருந்த கோடையில் வேலியோரம் இருந்த சூபாபுல் மரத் தழையை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடு தின்கிறதே, குதிரை தின்றால் என்ன என்று நினைத்தேன். அந்த இலையிலும் விதையிலும் மைமோசின் என்று ஒரு பொருள் உண்டு. குதிரையின் பிடரியையும் வாலையும் உதிர்த்துவிடும், குளம்பையும் கெடுக்கும். நிறுத்திய பிறகுதான் புது மயிர் முளைத்தது. குறை தீனியில் இருக்க, நான் டப்பாவில் தேடியிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்துக்கடை கடைசிப் பக்கம்தான் வரும்.

முதல் படி: குதிரையின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வைட்டமின் அளவு எல்லாமே எடையை வைத்துத்தான். எடைமேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால், சேணப் பட்டை விழும் இடத்தில் மார்பைச் சுற்றி அளங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்தொடையின் பின்முனை வரை உடல் நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும்.

என் குதிரைக்கு மார்புச் சுற்று 165, நீளம் 150. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 344 கிலோ. சுலபத்துக்கு இந்தக் கட்டுரை முழுக்க 350 கிலோ குதிரை என்றே வைத்துக்கொள்கிறேன். சுற்று 150, நீளம் 140 உள்ள மட்டக்குதிரை 265 கிலோ வரும். அளவுகளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பச்சை நாள்களை எண்ணுங்கள்

ஒரு பழைய காலண்டரை எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் குதிரை வயிறாரப் பசும்புல் தின்ற நாள்களுக்கு ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். கையளவு மட்டும் கிடைத்த நாள்களுக்குப் பாதிப் புள்ளி. வைக்கோலும் தவிடுமாய் ஓடிய நாள்கள் வெறுமையாக இருக்கட்டும்.

நம் சீமையில் இந்தக் காலண்டர் ஊருக்கு ஊர் மாறும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு போகமும் நடக்கும் ஊர்களில் வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் அருகம்புல் இருந்துகொண்டே இருக்கும். பிசான அறுப்பு முடிந்து கால்வாயில் தண்ணீர் நின்றபின்தான் முடை. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் மலையடிவாரம் பச்சை பிடித்துவிடும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலிலோ ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சில மாதம்தான் பச்சை. மற்ற நாளெல்லாம் சோளத்தட்டையும் கம்பந்தட்டையும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் அதுவும் குறைவு. ஆக, ஒரே ஜாதிக் குதிரை, ஒரே வயசு, ஒரே டானிக் என்றாலும் அம்பாசமுத்திரத்தில் கட்டியதற்கும் விளாத்திகுளத்தில் கட்டியதற்கும் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஒன்றாக இருக்காது.

மூன்றாம் படி: எந்த வைட்டமினுக்குக் கவலைப்பட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் அல்ல. குதிரையின் உடம்பே பலவற்றைச் செய்துகொள்ளும். உண்மையில் நம் கையை எதிர்பார்ப்பவை இரண்டு: ஏ, ஈ. இரண்டுமே பச்சையில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டின் கணக்கும் வேறு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஏ வைட்டமின் புல்லில் நேரடியாக இல்லை. பீட்டா கரோட்டினாக இருக்கிறது, குதிரை அதை மாற்றிக்கொள்கிறது. ஒரு மில்லிகிராம் கரோட்டின் குதிரைக்கு 400 யூனிட் ஏ என்று கணக்கு. பாக்கெட்டில் ஐ.யு. என்று போட்டிருப்பது இந்த யூனிட்தான். சும்மா நிற்கும் குதிரைக்குக் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 30 யூனிட், வேலை செய்யும் குதிரைக்கு 45, சினைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 60. நம் 350 கிலோ குதிரைக்கு முறையே 10,500, 15,750, 21,000. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 10,500 யூனிட்டுக்குத் தேவையான கரோட்டின் 26 மில்லிகிராம்தான். நல்ல இளம்பச்சை இரண்டு மூன்று கிலோவில் அது வந்துவிடும். அரைக் கிலோ கேரட்டிலும் வந்துவிடும். அதோடு ஏ வைட்டமின் ஈரலில் சேர்ந்து நிற்கும். மழைக்காலம் முழுக்க நன்றாக மேய்ந்த குதிரை அந்தச் சேமிப்பை வைத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை ஓட்டும்.

ஈ அப்படியில்லை. சும்மா நிற்கும் குதிரைக்கே கிலோவுக்கு ஒரு யூனிட், அதாவது 350. வேலைக் குதிரைக்கு இரண்டு வரை, 700. பசும்புல்லில் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் கிலோவுக்கு 30 முதல் 100 யூனிட். ஈரத்தோடு இருக்கும் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்த எடை என்பதால், கையில் பிடிக்கும் பச்சைக் கிலோவுக்கு 6 முதல் 20 யூனிட் வரைதான் தேறும். 350 யூனிட் வர வேண்டுமென்றால் நல்ல புல்லிலேயே 17, 18 கிலோ ஆகிறது, சுமாரான புல்லில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஏ வைட்டமினுக்கு ஒரு சின்னக் கட்டு போதும். ஈ வைட்டமினுக்கு வயிறு நிறையப் பச்சை வேண்டும். "தெனமும் ஒரு கட்டு போடுதேனே" என்று சொல்பவர்களின் குதிரைக்கு ஏ நிறைந்திருக்கும், ஈ பாதியில் நிற்கும்.

இன்னொன்று, ஈ வெயிலுக்கும் காற்றுக்கும் தாங்காது. புல்லை வெட்டி உலர்த்தி அடுக்கி வைத்தால் இருந்ததில் 30 முதல் 80 சதம் வரை போய்விடும். படப்பில் ஆறு மாதம் கிடந்த வைக்கோலில் ஏயும் இல்லை, ஈயும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி: தோலில் வெயில் பட்டால் உண்டாகும், வெயிலில் காய்ந்த புல்லிலும் இருக்கும். நம் வெயிலில் குதிரைக்கு டி குறை வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், காலையில் கொஞ்ச நேரம் வெளியே கட்டினால் போதும். சி: குதிரையின் ஈரலே செய்துகொள்ளும். பி வகைகளும் கே வைட்டமினும்: பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கும், தீனியிலும் உண்டு. அந்தக் குடல் கெட்டால்தான் இவை குறையும். ஒரேயடியாகத் தானியத்தைக் கூட்டுவது, தீனியைத் திடீரென மாற்றுவது, நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, இவைதான் குடலைக் கெடுக்கும்.

நான்காம் படி: வைத்திருக்கும் முறைக்கு ஏற்ற தீனி

*அவிழ்த்துவிட்டு மேய்ப்பவர்கள்.* ஆற்றங்கரை, குளத்தங்கரை, தோப்பு என்று நாளைக்கு ஆறேழு மணி நேரம் மேயும் குதிரைக்கு, புல் பச்சையாக இருக்கும் வரை வைட்டமின் வாங்கவே வேண்டாம். உப்பு மட்டும் கொடுங்கள். 100 கிலோ எடைக்கு 10 கிராம் கணக்கில் 350 கிலோவுக்கு 35 கிராம், வேர்க்கும் நாளில் கூடுதலாக. புல் மஞ்சளடித்த நாளிலிருந்து ஈ கணக்கைத் தொடங்குங்கள். தேரி மணலில் தீனியைத் தரையில் கொட்டாதீர்கள். மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். கடலைக்கொடியானால் நன்றாக உதறிவிட்டு, பூசணம் இல்லையா என்று முகர்ந்து பார்த்துப் போடுங்கள்.

*லாயத்தில் கட்டிப் பச்சை வெட்டிப் போடுபவர்கள்.* இன்று நம் பக்கம் அதிகம் இப்படித்தான். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, வெட்டிய பச்சை. காலையில் வெட்டி லோடு ஆட்டோவில் ஏற்றிய புல்லை மதியம் வரை அப்படியே குவித்து வைத்திருந்த ஒரு நாள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே இலை வாடியிருக்க, உள்ளே முழங்கை வரை சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிச் சட்டி மாதிரி ஆவி, புளித்த வாசம். அந்தப் பச்சையில் வைட்டமின் போவது ஒரு பக்கம், அதைத் தின்றால் குதிரைக்கு வயிறு ஊதும். வெட்டியதும் நிழலில் பரப்புங்கள், அன்றே போட்டு முடியுங்கள். இரண்டு நாளைக்குச் சேர்த்து வெட்டுவது மிச்சமில்லை.

இரண்டு, கம்பு நேப்பியர். மாட்டுக்காரர்களிடம் எளிதில் கிடைப்பதால் குதிரைக்கும் அதையே முழுத் தீனியாகப் போடுகிறோம். வைட்டமின் கணக்கில் அது நல்ல பச்சைதான். ஆனால் நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப்புல் வகைகளில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் உடம்பில் சேரவிடாது. மாடு தன் இரைப்பை நுண்ணுயிர்களை வைத்துச் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. மாதக்கணக்கில் இது ஒன்றே தீனியானால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும். கால் மாற்றிக் கால் நொண்டும், கன்ன எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும், கடைசியில் முகமே பெருத்துவிடும். இதைப் பார்த்து டி3 ஊசி போடச் சொல்பவர்கள் உண்டு. குறை டி இல்லை. நேப்பியரைக் குறைத்து, மீதிக்கு அருகம்புல்லும் குதிரை மசாலும் சேர்ப்பதுதான் வழி. பேரிலேயே குதிரை இருக்கிற தீவனம் அது. கரோட்டினும் சுண்ணாம்பும் நிறைந்தது. தண்ணீர் வசதி இருந்தால் பத்து சென்ட் போட்டுக்கொள்ளலாம். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, மொத்தத் தீனியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு வரை கொண்டுவரலாம்.

*வைக்கோல், தவிடு, கொள்ளு என்று ஓட்டுபவர்கள்.* குறை சொல்லவில்லை. கரிசலில் சித்திரை மாதம் வேறு என்ன கிடைக்கும்? ஆனால் மூன்றின் குணத்தையும் தெரிந்துகொண்டு போட வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைப்போல எட்டு, பத்து மடங்கு, அதற்கு மேலும் இருக்கும். கூடினால் நேப்பியர் செய்வதையே தவிடும் செய்யும். அரிசித் தவிடு சீக்கிரம் எண்ணெய்ச் சிக்கு அடிக்கும். சிக்கடித்த எண்ணெய் இருக்கிற ஈ வைட்டமினையும் தின்றுவிடும். வாங்கும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள், கசப்பு வாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். கொள்ளில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் ஏறக்குறைய சமம், அதனால் தவிட்டைவிடக் கொள்ளு எவ்வளவோ மேல். ஊற வைத்து வேகவைக்கும் நம் வழக்கமும் சரியானதே. வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பி வைட்டமின் அதில்தான் இறங்கியிருக்கும். ஆறவைத்து, உப்புப் போட்டு, தீனியோடு பிசைந்து வையுங்கள். தானியமும் பயறும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம்.

இந்த முறையில் ஏ வைட்டமினுக்கு வாரத்தில் சில நாளாவது அரைக் கிலோ கேரட், அல்லது கிடைக்கிற பச்சை எதுவானாலும் இரண்டு மூன்று கிலோ. நம் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. கீரையை ஒரு கைப்பிடியிலிருந்து பழக்கினால் சில குதிரைகள் விரும்பித் தின்னும். ஈ வைட்டமின் மட்டும் இந்தத் தீனியில் எந்த வகையிலும் நிறையாது. வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

சமைத்த தீனி பற்றி ஒரு பழைய சங்கதி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய துறை. பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும், சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துவிடுவதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துப் போட்டார்கள், லாடம் அடிப்பவர்கள் இங்கே இல்லை என்கிறார். வெளிநாட்டுப் பயணி கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பாலைவனப் புல்வெளியில் மேய்ந்து வளர்ந்த பிராணியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வேகவைத்த சோற்றைப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. இன்றும் அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்த குதிரைக்கு முதல் வாரமே மிச்சச் சோறும் இட்லி மாவும் வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். மனசு பதறுகிறது. புதுக் குதிரைக்குப் பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு, அதையே பத்து நாள் போட்டு, மெல்ல மாற்றுங்கள்.

*பந்தயம், ஊர்வலம், வண்டி வேலை.* உழைக்கும் தசைக்கு ஈ அதிகம் வேண்டும், அதனால்தான் கிலோவுக்கு இரண்டு யூனிட். பலத்துக்கு எண்ணெய் ஊற்றுபவர்கள் ஈ வைட்டமினையும் சேர்த்துக் கூட்ட வேண்டும், எண்ணெய் கூடினால் அதன் தேவையும் கூடும். பந்தயத்துக்கு முந்தின நாள் போடும் 'சத்து ஊசி'க்கு நான் எதிரி. ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றிய பி1 ஊசியாலும் இரும்புச் சத்து ஊசியாலும் குதிரை நின்ற இடத்தில் விழுந்து செத்ததுண்டு. இரும்பு குதிரைக்குத் தீனியிலேயே மிஞ்சிக் கிடக்கிறது.

*சினைக்குதிரையும் குட்டியும்.* குட்டி பிறக்கும்போது ஏ, ஈ இரண்டும் குறைவாகவே கொண்டு வருகிறது. சீம்பாலில்தான் வாங்கிக்கொள்ளும். சீம்பாலில் இருக்க வேண்டுமானால் தாய் கடைசி மூன்று மாதம் பச்சை தின்றிருக்க வேண்டும். வசதி இருப்பவர்கள், குட்டி மழைக்காலத்திலோ அதை ஒட்டியோ பிறக்கும்படி இணை சேர்ப்பது நல்லது. சினை சுமார் பதினொரு மாதம், பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்ததா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சீம்பால் குடிக்காத குட்டிக்கு இரும்பு டானிக் கொடுப்பது உயிரையே எடுத்துவிடும்.

ஐந்தாம் படி: பச்சை என்று எதை வெட்டக்கூடாது

கோடையில் பச்சைக்கு அலையும்போது கை எங்கெங்கோ போகும். அப்போது மறக்கக்கூடாதவை இவை.

அரளி முதலில். கோயில் நந்தவனத்திலும் நாற்கரச் சாலை நடுவிலும் கத்தரித்துப் போட்ட தழையை வாரி வந்து போட்டால், ஒரு கைப்பிடி இலையே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். காய்ந்தாலும் விஷம் போகாது. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். இளஞ்சோளத்தில் சயனைடு உண்டு. மாட்டுக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும், குதிரைக்கோ பின்னங்கால் தள்ளாட்டமும் சிறுநீர்க் கோளாறும் வரும். சூபாபுல் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். சீமைக் கருவேல நெற்று இனிப்பாக இருப்பதால் குதிரை பொறுக்கித் தின்னும். நிறையத் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும், நெற்று உதிரும் நாளில் அந்தக் காட்டுப்பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள்.

புண்ணாக்கில் ஆமணக்குப் புண்ணாக்கு பக்கத்திலேயே வரக்கூடாது. கடலைப் புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் ஈரல் போய்விடும். கோழித் தீவனம் மிஞ்சிவிட்டதே என்று கலந்துவிடாதீர்கள். கோழிக்குப் போடும் மொனென்சின் போன்ற மருந்து அதில் இருந்தால் குதிரைக்கு அது கொல்லும் விஷம். மாட்டுத் தீவன மூட்டையிலும் என்ன கலந்திருக்கிறது என்று படிக்காமல் போட வேண்டாம்.

ஆறாம் படி: இப்போது மருந்துக்கடை

இதுவரை வந்த கணக்கில் குறை எவ்வளவு என்று தெரிந்திருக்கும். உதாரணத்துக்கு, 350 கிலோ பந்தயக் குதிரை, நாளைக்கு 10 கிலோ நல்ல பச்சை, மீதி தட்டையும் கொள்ளும். ஏ நிறைந்துவிட்டது. ஈ தேவை 700, பச்சையிலிருந்து அதிகம் போனால் 200. குறை 500. வாங்க வேண்டியது ஈ மட்டும்தான். ஏ, டி3, ஈ மூன்றும் கலந்த திரவத்தை ஈ கணக்கு நிறையும் வரை ஊற்றினால் ஏயும் டியும் அளவு மீறிப் போகும். டி மிஞ்சினால் சுண்ணாம்பு இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும், படிந்தது திரும்பாது. கறவை மாட்டுக்கு வாங்கிய டப்பாவைக் குதிரைக்கும் ஊற்றும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான்.

மனிதர்களுக்கு விற்கும் 400 மில்லிகிராம் ஈ காப்ஸ்யூலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பலர் பயன்படுத்துகிறார்கள். அது செயற்கை வகை, ஒரு காப்ஸ்யூல் சுமார் 400 யூனிட். லேபிளில் 'டி ஆல்பா டோக்கோஃபெரால்' என்று தொடங்கும் இயற்கை வகை குதிரையின் ரத்தத்தில் இன்னும் நன்றாக ஏறும், விலையும் கூடுதல். 'டி எல்' என்று தொடங்கினால் செயற்கை. எதுவானாலும் கொழுப்போடுதான் சேரும், ஒரு கரண்டி நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தெளித்த தீனியில் கலந்து கொடுங்கள்.

பயோட்டின் குளம்புக்கு உதவும் என்பது உண்மை, நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை. ஆனால் மாதக்கணக்கில் போட வேண்டும், வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு போட வேண்டும். கே வைட்டமின் ஊசி தேவை என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெனாடியோன் எனும் கே3 ஊசி குதிரையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சின்ன டப்பாவாக வாங்குங்கள். தகரக் கூரையின் கீழ் வைத்த பெரிய டப்பாவில் கோடை முடியும்போது பேர் மட்டும் மிஞ்சும், சத்து மிஞ்சாது. வீட்டுக்குள் குளிர்ந்த இருட்டான இடம் வேண்டும்.

ஏழாம் படி: உடம்பு சொல்லும் அடையாளம்

ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண். பொழுது மயங்கும் நேரத்தில் வழக்கமான பாதையில் ஒரு வைக்கோல் கட்டைப் போட்டுவிட்டுக் குதிரையைக் கையில் பிடித்து மெல்ல நடத்துங்கள். பகலில் ஒதுங்கிப் போவது, இருட்டில் முட்டினால் சந்தேகிக்கலாம். கண்ணில் ஓயாமல் நீர், சொரசொரத்த மயிர், சினை நிற்காமை ஆகியவையும் உண்டு, ஆனால் அவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கும்.

ஈ குறைவு அமைதியாக வரும். குதிரை நன்றாகவே தின்னும், ஆனாலும் தோள் தசையும் பின்தசையும் வற்றும். நிற்கும்போது நான்கு காலையும் ஒடுக்கி, ஸ்டூல் மேல் நிற்கிற மாதிரி நிற்கும். கால் மாற்றி மாற்றி ஊன்றும், தசை நடுங்கும், தலை தாழும், அடிக்கடி படுக்கும். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பச்சையே காணாத குதிரைகளில் நரம்பு செல்களே சாகும் நோய் இப்படித்தான் தொடங்குகிறது. முற்றிவிட்டால் செத்த நரம்பு திரும்பாது. இந்த நிற்கும் விதத்தைப் பார்த்த அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தேவைப்படும் அளவு பல ஆயிரம் யூனிட் வரை போகும், அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது ரத்தப் பரிசோதனை. சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரில், ஈ வைட்டமினான ஆல்பா டோக்கோஃபெரால் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போதும், 1.5க்குக் கீழே போனால் குறை. ஏ வைட்டமினுக்கு ரத்தம் அவ்வளவு உண்மை சொல்லாது. ஈரல் இருப்பு தீரும் வரை ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும், அங்கே காலண்டர் புள்ளிதான் சாட்சி. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வசதி. ரத்தம் எடுப்பதற்கு முன் மாதிரியை எப்படி எடுப்பது, எங்கே அனுப்புவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈ பரிசோதனைக்கான ரத்தம் வெளிச்சம் படாமல், குளிர்ச்சியில், தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

எட்டாம் படி: மாற்றியபின் காத்திருப்பது

தீனியை மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். அன்றே குளம்பின் மேல்விளிம்பில், மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் கோட்டுக்குக் கீழே, அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். ஆழம் வேண்டாம், கீறல் போதும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மாதம் ஒருமுறை, லாடம் மாற்றும் நாளில், கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். கோட்டுக்கு மேலே வருவது புதுத் தீனியில் வளர்ந்த குளம்பு, கீழே இருப்பது பழையது. இரண்டையும் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். என் குதிரைக்கு மூன்றாம் மாதத்தில் கோட்டுக்கு மேலே வழுவழுப்பாகவும் கீழே வெடிப்பும் வளையமுமாகவும் இருந்தது. வெடிப்பு முழுக்க இறங்கித் தேய்ந்து போக பத்து மாதம் ஆயிற்று. அதற்குள் பிடரி மயிர் ஒரு சாண் வளர்ந்திருந்தது.